ஸ்விட்சிங் பவர் சப்ளையின் டிரான்ஸ்பார்மர்: ஐயமும் பரிசோதனையும்

பழைய ஆசிலாஸ்கோப் ஒன்று உயிர் பெறாமல் மேசைமேல் கிடக்கையில், அதன் பவர் சப்ளைப் பகுதியைத் திறந்து பார்ப்பவருடைய கண் முதலில் சென்று நிற்பது டிரான்ஸ்பார்மரின்மேல்தான். அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. மற்ற உறுப்புகளெல்லாம் கடையில் கிடைப்பவை. இது ஒன்றுதான் அந்தக் கருவிக்கென்றே பிரத்தியேகமாகச் சுற்றப்பட்டது. ஆதலால், எது கெட்டிருக்கக் கூடாதென்று மனம் அஞ்சுகிறதோ அதுவே கெட்டிருக்கும் என்ற பீதி, ஒரு பரிசோதனையும் நடப்பதற்கு முன்பே தீர்மானமாக உருக்கொண்டுவிடுகிறது. அந்தத் தீர்மானத்தை இயன்ற மட்டும் தாமதப்படுத்துவதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

முப்பது நாற்பது வருஷம் உழைத்த ஒரு ஸ்விட்சிங் சப்ளையில், டிரான்ஸ்பார்மருக்கு முன்பாகக் கெட்டுப்போகக் கூடியவை பல உண்டு. எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சர்கள் உலர்ந்து தம் கொள்ளளவை இழக்கின்றன. மெயின்ஸ் வாயிலில், பிசின் உறைக்குள் உலோகம் பூசிய காகிதத்தைச் சுருட்டி வைத்த கண்டென்சர்கள், உறையில் நுண்விரிசல் கண்டு ஈரத்தை உறிஞ்சி, பல வருஷ ஓய்வுக்குப்பின் மின்சாரம் கிடைத்த சில நிமிஷங்களில் துர்நாற்றப் புகையோடு வெடிக்கின்றன. செகண்டரிப் பக்கத்து டான்டலம் கண்டென்சர்கள் எவ்வித முன்னறிவிப்புமின்றி ஷார்ட் ஆகின்றன. சப்ளையை முதலில் துவக்கிவிடும் உயர் ஓம் ரெசிஸ்டர்கள், வருஷத்துக்கு வருஷம் மதிப்பு ஏறி, ஈற்றில் அறுந்தே போகின்றன. இவற்றோடு வேகமான ரெக்டிஃபையர் டையோடுகளையும், ஸ்விட்ச் செய்யும் டிரான்சிஸ்டர்களையும் சேர்த்துக்கொண்டால், டிரான்ஸ்பார்மரின் முறை வெகு பின்னால்தான் வரும். ஆனால் வராமலே போகும் என்றும் சொல்வதற்கில்லை. அதிலும், கதிர்க்குழாய்க்கு வேண்டிய உயர் மின்னழுத்தச் சுற்றும் அதே கோரின்மேல் அமைந்த டிரான்ஸ்பார்மர்களில் அது கெடுவது அவ்வளவு அபூர்வமன்று.

சர்வசாதாரணமான 50 ஹெர்ட்ஸ் டிரான்ஸ்பார்மரில் பழகிய கைக்கு இங்கே பழைய லட்சணங்கள் உதவமாட்டா. இரும்புத் தகட்டு டிரான்ஸ்பார்மரில் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால், அது கனன்று, வார்னிஷ் கருகி, அறை முழுவதும் நாறும், மூக்கே மீட்டராகிவிடும். ஸ்விட்சிங் சப்ளையிலோ, அதே கோளாறு நேர்ந்த கணத்தில் டிரான்சிஸ்டர் மாண்டுபோகிறது, அல்லது பாதுகாப்புச் சுற்று மின்னோட்டத்தைக் கண்டு சப்ளையை நிறுத்திவிடுகிறது. டிரான்ஸ்பார்மர் சூடேற அவகாசமே இல்லை. உள்ளே கெட்டும் வெளியே புத்தம் புதிதாய்த் தோன்றுவது அதனால்தான். இதன் மறுதலையும் உண்மையே: பழுப்பேறிய நாடாவும் கருத்த பிசினும் முதுமையின் அடையாளங்களேயன்றி மரணத்தின் அடையாளங்கள் ஆகா.

கணக்கு எதையும் காற்றில் சொல்லாமலிருக்கும் பொருட்டு ஒரு மாதிரி டிரான்ஸ்பார்மரை மனத்தில் நிறுத்திக்கொள்வோம். 1 சதுர சென்டிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள ஃபெரைட் கோர்; பிரைமரியில் 0.5 மில்லிமீட்டர் எனாமல் கம்பியால் 100 சுற்று. அதற்கு ஊட்டப்படுவது 25 கிலோஹெர்ட்ஸில் 150 வோல்ட் சதுர அலை. அந்த 150 வோல்ட்டை, நான்கு, அதிர்வெண், சுற்றுகளின் எண்ணிக்கை, குறுக்குப் பரப்பு ஆகியவற்றின் பெருக்கத்தால் வகுத்தால், கோரில் எழும் காந்தப் பாய அடர்த்தி 0.15 டெஸ்லா என்று வரும். சூடேறிய ஃபெரைட் 0.35 டெஸ்லாவை அண்டித் தெவிட்டு நிலை எய்துமாதலால், வடிவமைத்தவர் போதிய இடைவெளி விட்டிருக்கிறார் என்பது தெளிவு. இந்த வகுத்தலிலிருந்தே பழுதுபார்ப்பவர் அறியத்தக்க ஒரு விஷயம் பிறக்கிறது. அதிர்வெண்ணை நிர்ணயிக்கும் சிறு கண்டென்சரோ ரெசிஸ்டரோ மதிப்பு மாறி அதிர்வெண் பாதியாகிவிட்டால், பாய அடர்த்தி இரட்டித்து 0.3 டெஸ்லாவாகும், கோர் தெவிட்டும் எல்லைக்கு வந்துவிடும், ஒவ்வோர் அரைச் சுழற்சியின் இறுதியிலும் மின்னோட்டம் ஊசிபோல எழும்பும், டிரான்ஸ்பார்மர் சுடும். சுடுகிறது என்பதனாலேயே குற்றம் அதனுடையது என்று கொள்ளக் கூடாது.

இந்தப் பொதுச் செய்திகளுக்கு ஒரு பருப்பொருளான உதாரணம் வேண்டுமானால், அமெரிக்காவின் ஆரகன் மாநிலத்தில் 1946-ல் தொடங்கப்பட்ட டெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1980-களில் வெளியிட்ட 2200 வரிசை ஆசிலாஸ்கோப்புகளைக் காட்டலாம். 60 மெகாஹெர்ட்ஸ் 2215-உம் 100 மெகாஹெர்ட்ஸ் 2235-உம் இன்றும் பல சோதனைக்கூடங்களில் உழைத்து வருபவை. இவ்விரு மாதிரிகளின் சப்ளை இரண்டு படிகளால் ஆனது. முதற்படி, 90 முதல் 250 வோல்ட் வரை எந்த மெயின்ஸைக் கொடுத்தாலும் அதைத் திருத்தி நிலையான 43 வோல்ட்டாக இறக்குகிறது. இரண்டாம் படியில் இரண்டு டிரான்சிஸ்டர்கள் மாறி மாறிக் கடத்தி, அந்த 43 வோல்ட்டை டிரான்ஸ்பார்மரின் பிரைமரிக்கு ஒருபுறமும் மறுபுறமுமாக ஊட்டுகின்றன. செகண்டரியிலோ, சுற்றுகளை நடத்தும் தாழ்ந்த வோல்ட்டேஜ்களுடன், கதிர்க்குழாயின் கேதோடுக்கு வேண்டிய சுமார் 2,000 வோல்ட்டைத் தரும் சுற்றும் ஒரே கோரின்மேல் கூடியிருக்கிறது. வோல்ட்டேஜ் பெருக்கி ஒன்று அதை மேலும் உயர்த்தித் திரைக்கு அனுப்புகிறது. ஒரே டிரான்ஸ்பார்மரை இத்தனை காரியங்களுக்கும் பொறுப்பாக்கியது சிக்கனமான ஏற்பாடு. நாற்பது வருஷங்களுக்குப் பிறகு அதைத் திறந்து பார்ப்பவரை வடிவமைத்தவர் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. அந்த நிறுவனத்தின் பழுதுபார்ப்புக் கையேடுகளில் சுற்றுப்படங்களும், சோதனைப் புள்ளிகளில் தோன்ற வேண்டிய அலை வடிவங்களும் தாராளமாக அச்சிடப்பட்டிருக்கின்றன. கையேட்டை முன்னால் விரித்து வைக்காமல் ஸ்க்ரூடிரைவரை எடுப்பவருக்கு இந்த அத்தியாயமும் பயன்படாது.

பரிசோதனைக்குள் புகுமுன் உயிர்ப் பாதுகாப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நம் 230 வோல்ட் மெயின்ஸைத் திருத்தினால் 325 வோல்ட் நேர்மின்னழுத்தம் கிடைக்கும். அந்த அளவுக்கு நிரம்பிய 330 மைக்ரோஃபாரட் கண்டென்சரில் ஏறத்தாழ 17 ஜூல் ஆற்றல் தங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கியபின் 4,700 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை அதன் முனைகளுக்கிடையே எட்டு விநாடி பிடித்தால் அது அபாயமற்ற அளவுக்கு இறங்கும். இறங்கிற்றா என்று மீட்டரால் பார்த்த பிறகே விரல் உள்ளே போகலாம். ஸ்க்ரூடிரைவரின் நுனியால் ஷார்ட் செய்து பொறி பறக்க வைப்பது வீரமன்று. மேலும், பிரைமரிப் பக்கத்துப் பொது முனை எர்த் அன்று. அது மெயின்ஸோடு நேர்த் தொடர்புடையது. அளக்கும் ஆசிலாஸ்கோப்பின் எர்த் கிளிப்பை அங்கே மாட்டினால், ஃபியூஸ் போவதோடு முடிந்தால் அது அதிர்ஷ்டம். பரிசோதிக்கப்படும் கருவியை ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் வழியாக இணைக்க வேண்டுமேயொழிய, அளக்கும் கருவியின் எர்த் கம்பியை வெட்டி அதை மிதக்கவிடுவது ஒருக்காலும் தகாது. இன்னொன்று: 115, 230 என்று மாற்றும் ஸ்விட்ச் கொண்ட கருவிகளுள் கடல் கடந்து வந்தவை பெரும்பாலும் 115-ல் நிற்கும். அந்நிலையில் திருத்திப் பகுதி வோல்ட்டேஜை இரட்டிப்பதாதலால், நம் மெயின்ஸில் இணைத்தால் 650 வோல்ட் எழுந்து கண்டென்சர்கள் வெடித்துச் சிதறும். ஸ்விட்சைப் பார்ப்பதற்கு ஒரு கணம் போதும்.

இனி, காரியத்துக்கு வருவோம். டிரான்ஸ்பார்மரின்மேல் விழும் ஐயங்களுள் பெரும்பாலானவை, உண்மையில் செகண்டரியில் எங்கோ ஷார்ட்டாகிக் கிடக்கும் ஒரு டையோடினாலோ கண்டென்சரினாலோ எழுபவை. பிரைமரியிலிருந்து நோக்கும்போது, செகண்டரிச் சுற்றின் இரு முனைகளும் வெளியே இணைந்திருப்பதற்கும், அச்சுற்று உள்ளேயே தன்னோடு தான் ஒட்டியிருப்பதற்கும் யாதொரு வேற்றுமையும் தெரியாது. ஆகவே, செகண்டரிச் சுற்று ஒவ்வொன்றையும் அதனதன் டையோடுகளிலிருந்து பிரித்தாலன்றி, எவ்வளவு நுண்ணிய மீட்டர் சொல்லும் தீர்ப்பும் செல்லுபடியாகாது. டையோடுகளின் ஒரு காலை மட்டும் பலகையிலிருந்து தூக்குவது போதும். பலகையில் இருந்தபடியே மல்டிமீட்டரால் பார்த்து, நலமாகத்தான் இருக்கிறது என்று நகர்ந்துவிடலாகாது. சில ஓம் தடையுடைய செகண்டரிச் சுற்று டையோடுக்குக் குறுக்கே கிடக்கும்போது மீட்டர் சொல்வது டையோடைப் பற்றியா சுற்றைப் பற்றியா என்று பிரித்தறிய முடியாது. உயர் மின்னழுத்தப் பெருக்கியையும் இப்படியே கழற்றிவிட வேண்டும். அது பிசினில் முழுவதும் புதைந்து வருவதால் உள்ளே பார்க்க வழியில்லை. கழற்றியதும் சப்ளை துள்ளி எழுந்தால் கதை அங்கேயே முடிந்தது.

மேற்சொன்ன 2200 வரிசை மாதிரிகளில் இன்னும் வசதியான ஒரு யுக்தி உண்டு. மெயின்ஸ் பிளக்கை அடியோடு பிடுங்கிவிட்டு, மேசைமேலுள்ள பெஞ்ச் பவர் சப்ளையிலிருந்து 43 வோல்ட்டை நேரே இரண்டாம் படியின் வாயிலில் ஊட்டலாம். முதற்படி நலமா இல்லையா என்ற கேள்வி இதனால் தனியே ஒதுங்கிப் போகிறது. 325 வோல்ட்டின் அபாயமும் நீங்குகிறது. உயர் மின்னழுத்தப் பகுதி மட்டும் உயிரோடிருக்கிறது என்பதை மறவாதிருந்தால் போதும். மின்னோட்ட எல்லையை முதலில் அரை ஆம்பியரில் வைத்து, வோல்ட்டேஜைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்ற வேண்டும். முழு 43 வோல்ட்டில் நல்ல நிலையிலுள்ள கருவி ஏறத்தாழ 1 ஆம்பியர் இழுக்கும். ஐந்து பத்து வோல்ட்டிலேயே எல்லையைத் தொட்டு நின்றுவிட்டால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. அப்போது செகண்டரிக் கிளைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே போய், எதைப் பிரித்தபோது மின்னோட்டம் விழுகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளலாம். இரண்டு டிரான்சிஸ்டர்களின் கலெக்டர்களிலும் ஊட்டிய வோல்ட்டேஜின் இரட்டிப்பாகிய சுமார் 86 வோல்ட் உயரமுள்ள சதுர அலை, ஒன்றுக்கொன்று எதிர்முகமாக, தோன்ற வேண்டும். இரு பாதிகளும் ஒத்திருந்தால் பிரைமரி ஏறக்குறைய குற்றமற்றது. ஒன்று சரிந்தும் மற்றது நிமிர்ந்தும் இருந்தால், டிரான்சிஸ்டர்களை இடம் மாற்றிப் பார்த்து, சரிவு கூடவே நகர்கிறதா அங்கேயே நிற்கிறதா என்று கவனிக்க வேண்டும். நின்றால்தான் டிரான்ஸ்பார்மரைப் பலகையிலிருந்து எடுக்கும் யோசனை எழலாம்.

மெயின்ஸிலேயே சோதிக்க வேண்டிய மற்ற சப்ளைகளுக்கு எலக்ட்ரீஷியன்கள் கையாளும் சீரிஸ் லாம்ப் உதவும். 60 அல்லது 100 வாட் இழை பல்பைத் தொடரில் சேர்த்தால், ஷார்ட் இருக்கும்போது பல்பு முழு வெளிச்சத்தோடு எரிந்து டிரான்சிஸ்டரைக் காப்பாற்றும். ஆயினும் இதை அளவுக்கு மீறி நம்பலாகாது. ஸ்விட்சிங் சப்ளை, வோல்ட்டேஜ் குறையக் குறைய அதிக மின்னோட்டம் கேட்கும் சுபாவம் உடையது; ஆகையால் நல்ல சப்ளையும் பல்பு தொடரில் இருக்கையில் எழும்பி எழும்பி விழலாம். அதைக் கண்டு டிரான்ஸ்பார்மரைச் சந்தேகிப்பவர் தாமே உண்டாக்கிய நோய்க்கு மருந்து தேடுகிறார்.

டிரான்ஸ்பார்மர் இப்போது தனியாக மேசைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதலில் எல்லோரும் செய்வது ஓம் அளவு. சுற்று அறுந்திருக்கிறதா என்பதை அது சொல்லும். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாது. நம் மாதிரி டிரான்ஸ்பார்மரின் பிரைமரித் தடை சுமார் 0.48 ஓம்; ஒரு சுற்றின் தடை 5 மில்லிஓமுக்கும் சற்றுக் குறைவு. ஒரு சுற்று ஷார்ட்டானால் மொத்தத் தடை நூற்றில் ஒரு பங்கு குறையும். கைமீட்டரின் முனைகளை அழுத்திப் பிடிப்பதிலும் தளர்த்திப் பிடிப்பதிலும் உண்டாகும் வேறுபாடு இதனினும் பெரிது. அந்த அற்ப மாறுதலே சப்ளையைக் கொல்லப் போதுமானது என்பதுதான் இதிலுள்ள சூட்சுமம்.

அடுத்தது இண்டக்டன்ஸ். எல்.சி.ஆர். மீட்டர் வைத்திருப்பவர்கள் இங்கே ஒரு பொறியில் விழுவதுண்டாகையால், இதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். காற்றிடைவெளி இல்லாத நம் மாதிரிக் கோரில் 100 சுற்றுக்கு இண்டக்டன்ஸ் 25 மில்லிஹென்றியை ஒட்டியிருக்கும். ஷார்ட்டான ஒரு சுற்றின் 5 மில்லிஓம் தடை, சுற்றுகளின் விகிதத்தின் வர்க்கமாகிய 10,000-ஆல் பெருகி, பிரைமரிக்குக் குறுக்கே 50 ஓம் ரெசிஸ்டர் வைத்தாற்போலத் தோன்றும். இனி அதிர்வெண்ணைக் கவனியுங்கள். 100 ஹெர்ட்ஸில் பிரைமரியின் ரியாக்டன்ஸ் ஏறத்தாழ 16 ஓம் மட்டுமே; அதன் பக்கத்தில் 50 ஓம் பெரிதாகத் தெரியாது; மீட்டர் 23 மில்லிஹென்றி என்று காட்டும்; நலமே என்று நாம் நம்பிவிடுவோம். 1 கிலோஹெர்ட்ஸில் ரியாக்டன்ஸ் 157 ஓமாக உயர, அதே 50 ஓம் அதை விழுங்கத் தொடங்குகிறது; மீட்டர் இரண்டு மூன்று மில்லிஹென்றிக்கு இறங்கிவிடும். 10 கிலோஹெர்ட்ஸில் ஏதோ சில சுற்றுக் காயில்போல அது சுருங்கிவிடும். ஒரே டிரான்ஸ்பார்மர், ஒரே கோளாறு; மலிவான மீட்டரின் 100 ஹெர்ட்ஸ் அதை மறைக்கிறது, 10 கிலோஹெர்ட்ஸ் அம்பலப்படுத்துகிறது. ஆதலின், அளக்கும் அதிர்வெண் எதுவென்று தெரியாமல் இண்டக்டன்ஸ் எண்ணை எழுதி வைப்பது வீண். இரண்டு அதிர்வெண்களில் அளந்து, இரண்டாவதில் மதிப்பு சரிகிறதா என்று பார்ப்பதே முறை. இடைவெளி இல்லாத நல்ல டிரான்ஸ்பார்மர் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றையே காட்டும்.

சரிந்த மதிப்பு என்றால் எவ்வளவு என்ற கேள்வி எழலாம். அதற்கு அந்த டிரான்ஸ்பார்மரையே அளவுகோலாக்கிக்கொள்ளலாம். செகண்டரிச் சுற்று ஒன்றை வேண்டுமென்றே கம்பியால் ஷார்ட் செய்து பிரைமரியை மீண்டும் அளந்தால், கசிவு இண்டக்டன்ஸ் மட்டும் எஞ்சும். அது முழு மதிப்பில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்காக இருப்பது சாதாரணம். ஷார்ட் செய்வதற்கு முன்னும் பின்னும் மதிப்பு பெரிதாக வேறுபடவில்லையென்றால், உள்ளே ஏற்கெனவே ஒரு ஷார்ட் குடியிருக்கிறது.

மீட்டர் இல்லாதவர்க்கும் வழி உண்டு. என் அபிப்பிராயத்தில் அதுவே மேலான வழியும் ஆகும். கோயில் மணியை ஒரு தட்டுத் தட்டினால் நல்ல மணி நெடுநேரம் ரீங்கரிப்பதும், கீறல் விழுந்த மணி ‘டொக்’கென்று அடங்குவதும் யாரும் அறிந்தது. காயிலையும் அப்படித் தட்டிக் கேட்கலாம். சிக்னல் ஜெனரேட்டரின் சதுர அலையை, சில நூறு ஹெர்ட்ஸில், 1 நானோஃபாரட் கண்டென்சர் வழியாகப் பிரைமரிக்குக் கொடுத்து, பத்துக்கொன்று குறைக்கும் புரோபை அதே முனைகளில் வைத்து ஆசிலாஸ்கோப்பில் பார்க்க வேண்டும். சதுர அலையின் ஒவ்வொரு விளிம்பிலும் காயிலும் கண்டென்சரும் சேர்ந்து அதிரத் தொடங்கும். நம் மாதிரிக்கு அந்த அதிர்வு 32 கிலோஹெர்ட்ஸில் அமையும். நல்ல டிரான்ஸ்பார்மரில் பத்து, பதினைந்து அலைகள் படிப்படியாகத் தேய்வதைக் காணலாம். ஷார்ட்டான சுற்றுள்ளதில் அந்த அதிர்வே எழாது. அல்லது கசிவு இண்டக்டன்ஸினால் எழும் வேறொரு உயர்ந்த அதிர்வெண்ணில் ஒன்றிரண்டு துடிப்போடு படுத்துவிடும்.

பத்தா, எட்டா, ஆறா என்று எண்ணிக்கையில் சந்தேகம் வந்தால் தீர்த்துக்கொள்ளும் உபாயம் மிக எளிது. மேலுறையிட்ட கம்பி ஒன்றைக் கோரின் சாளரத்துக்குள் நுழைத்து, கோரின் கால் ஒன்றைச் சுற்றி ஒரே ஒரு வளையமாக்கி, முனைகளைத் திருகி இணைத்துவிடுங்கள். இப்போது நீங்களே ஒரு ஷார்ட் சுற்றைச் செய்திருக்கிறீர்கள். திரையில் அதிர்வு சட்டென்று செத்தால், வளையத்தைப் பூட்டுவதற்கு முன் கண்டதெல்லாம் நல்ல டிரான்ஸ்பார்மரின் லட்சணம். வளையத்தைப் பூட்டியும் திறந்தும் படம் மாறாவிட்டால், வேறு அத்தாட்சி தேவையில்லை. இதற்கு ஒப்பிட இன்னொரு நல்ல டிரான்ஸ்பார்மர் வேண்டியதில்லை என்பது இதன் தனிச் சிறப்பு; அரிய கருவிகளில் இணை கிடைப்பதேது?

கம்பி நலமாயிருக்கக் கோர் உடைந்திருப்பதும் உண்டு. ஃபெரைட் மண்பாண்ட வகையைச் சேர்ந்தது; பார்சலில் கருவி கீழே விழுந்தாலும், மேலே ஊற்றிய பிசின் வெப்பத்தில் ஒருவிதமாகவும் ஃபெரைட் வேறுவிதமாகவும் விரிந்து சுருங்கினாலும் கீறிவிடும். நம் மாதிரிக் கோரின் 8 சென்டிமீட்டர் காந்தப் பாதையில், 0.05 மில்லிமீட்டர் இடைவெளி உண்டானாலே இண்டக்டன்ஸ் பாதியாகிவிடும். தலைமயிரின் கனமே அது. இந்தக் கோளாறு, ஷார்ட்டிலிருந்து தன்னை வெளிப்படையாகவே பிரித்துக் காட்டுகிறது: இண்டக்டன்ஸ் எல்லா அதிர்வெண்ணிலும் ஒரேயளவாகக் குறைந்திருக்கும், ஆனால் அதிர்வு நீண்டே ஒலிக்கும். உடைந்த துண்டுகளைப் பொருத்தி, முகங்களைத் தூசின்றித் துடைத்து, மெல்லிய பூச்சாகப் பசையிட்டு இறுகக் கட்டினால் பெரும்பாலும் சப்ளை ஏற்றுக்கொள்ளும். ஆனால் ஃப்ளைபேக் வகையில் வடிவமைத்தவர் வேண்டுமென்றே நடுக்காலில் இடைவெளி விட்டிருப்பார். அதைப் பழுதென்று எண்ணித் தேய்த்து மூடிவிடக் கூடாது.

மேற்கண்ட எல்லாப் பரிசோதனைகளிலும் தேறியும், கருவியில் வைத்ததும் வீழும் டிரான்ஸ்பார்மர்கள் சில உண்டு. இவற்றில் கோளாறு, அநேகமாக, உயர் மின்னழுத்தச் சுற்றில் இருக்கும். மயிரிழைக் கம்பியால் நூற்றுக்கணக்கான சுற்றுகள். அடுக்குக்கு அடுக்கு பல நூறு வோல்ட் வேறுபாடு. எனாமலில் ஊசித்துளை, நாடாவின் பசையில் ஈரம், பிசினுக்குள் காற்றுக்குமிழி ஆகிய இவற்றுள் ஒன்று போதும். ஐந்து வோல்ட் ஜெனரேட்டருக்கு முன் அது சாதுவாய் நிற்கும். ஆயிரம் வோல்ட்டில்தான் பொறி பாயும். பெருக்கியைக் கழற்றி, வெளியிலிருந்து கொடுக்கும் 43 வோல்ட்டைச் சிறிது சிறிதாக ஏற்றிக்கொண்டே மின்னோட்டத்தைக் கவனித்தால், முப்பது வோல்ட் வரை ஒழுங்காக ஏறிய முள் அதன்பின் திடீரென்று தாவுவதைக் காணலாம். இருட்டறையில் நீலப் பொட்டு தெரியலாம். மெல்லிய சீறலும் ஓசோன் வாசனையும் வரலாம். அரை மணி நேரம் ஓடிச் சூடேறியபின் மட்டும் விழுவதும் இவ்வினத்ததே.

நிவாரணம் என்று வரும்போது, அறுந்த சுற்றுதான் அதிர்ஷ்டக்காரரின் கோளாறு. கம்பி பெரும்பாலும் சுற்றின் நடுவில் அறுவதில்லை. பின்னோடு ஈயம் வைத்த இடத்தில், வெப்பத்தில் இழுபட்டு அறுகிறது. பூதக்கண்ணாடியின் கீழே நுனியைத் தேடியெடுத்து, எனாமலைச் சுரண்டி, மெல்லிய கம்பியால் நீட்டிப் பின்னோடு சேர்த்தால் முடிந்தது. ஷார்ட்டான சுற்றுக்கோ இரண்டே வழி. கதிர்க்குழாய் போன அதே மாதிரிக் கருவி ஒன்றை வாங்கி அதன் டிரான்ஸ்பார்மரை எடுத்துக்கொள்வது முதல் வழி. டெக்ட்ரானிக்ஸில் டிரான்ஸ்பார்மர்களின் பாக எண் 120 என்று தொடங்குமாதலால், கையேட்டின் பட்டியலோடு ஒப்பிட்டு எந்த எந்த மாதிரிகள் ஒரே டிரான்ஸ்பார்மரைப் பகிர்கின்றன என்று அறியலாம். காசு சற்றுக் கூடினாலும், நான் முதலில் சிபாரிசு செய்வது இதைத்தான்.

மறுபடி சுற்றுவதே கதி என்றால் அவசரம் ஆகாது. சாளரத்தில் இடமிருந்தால், பிரிப்பதற்கு முன் பத்துச் சுற்று மெல்லிய கம்பியைச் சுற்றி, அதற்கு 20 கிலோஹெர்ட்ஸில் சிறு வோல்ட்டேஜ் ஊட்டி, நலமாக உள்ள சுற்றுகளில் கிடைக்கும் வோல்ட்டேஜ்களைக் குறித்துக்கொண்டால் சுற்று விகிதங்கள் கைக்கு வரும். ஷார்ட்டுள்ள டிரான்ஸ்பார்மரில் இது திருத்தமாக வராது, அப்போது பிரிக்கையில் எண்ணுவதொன்றே வழி. பசையை இளக்கக் கோரை மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும். பவர் ஃபெரைட்டின் கியூரி வெப்பநிலை 200 டிகிரிக்கு மேலாகையால் மிதமான சூடு அதைக் கெடுக்காது, திடீர்ச் சூடுதான் கீறிவிடும். பிரிக்கும்போது சுற்றின் திசை, அடுக்கின் வரிசை, நாடாவின் எண்ணிக்கை, ஓரங்களில் விட்ட இடம் ஆகிய ஒவ்வொன்றையும் படம் வரைந்து குறிக்க வேண்டும். பிரைமரியை இரண்டாகப் பிரித்து நடுவில் செகண்டரியை வைத்திருந்தால், அது கசிவைக் குறைக்கச் செய்த ஏற்பாடு. சுற்றுவது சுலபம் என்று ஒன்றாக்கிவிட்டால் டிரான்சிஸ்டர்கள் விலை கொடுக்கும். செப்புத் தகட்டுக் கவசம் இருந்தால் அதன் இரு முனைகளும் ஒன்றையொன்று தொடக் கூடாது. தொட்டால் அதுவே ஷார்ட்டான சுற்று. கம்பியைக் கனமாக்கினால் நல்லது என்பதும் தவறான எண்ணம். 25 கிலோஹெர்ட்ஸில் மின்னோட்டம் செம்பின் மேற்பரப்பிலிருந்து 0.4 மில்லிமீட்டர் ஆழத்துக்குள்தான் பெரும்பாலும் ஓடுகிறது. மோட்டார் காயில் சுற்றும் கடையில் கொடுப்பவர்கள், அங்கே பழக்கம் 50 ஹெர்ட்ஸ் என்பதை நினைவில் வைத்து, பிரைமரிக்கும் செகண்டரிக்கும் இடையே மூன்று அடுக்கு மைலார் நாடாவும் ஓரங்களில் விட்டிருந்த இடைவெளியும் குறையாமல் இருப்பதை அருகே நின்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

சுற்றி முடித்ததும் வார்னிஷில் முக்குவதற்கு முன்பே அதிர்வுப் பரிசோதனையை ஒருமுறை செய்துவிடுவது உசிதம். முக்கி உலர்ந்தபின் பிரைமரிக்கும் செகண்டரிக்கும் இடையே மெக்கர் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு பலகையில் பொருத்தி, பெருக்கியை இணைக்காமல், வெளி வோல்ட்டேஜில் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, நிறுத்தி, கண்டென்சர்களைக் காலி செய்து, கோரின் சூட்டை விரலால் தொட்டுப் பார்க்கலாம். விரல் தாங்கும் சூடாயின் பெருக்கியை இணைத்து, மீண்டும் ஒரு மணி நேரம் ஓட்டி, செகண்டரி வோல்ட்டேஜ்கள் ஒவ்வொன்றையும் கையேட்டோடு ஒத்துப் பார்த்த பின்னரே மெயின்ஸ் பிளக்கைச் செருகலாம்.